ஒரே நாளில் மூன்று நாக்குகள்

மிங் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம். 1641-ல் சீனாவின் ஷான்தோங், ஜெஜியாங் முதலான பகுதிகளில் கொள்ளைக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. தாய் ஏரிக்கரையைச் சேர்ந்த மருத்துவர் வூ யூஷிங், தாம் கண்டவற்றை மறுவருடம் 'வென்யி லுன்' என்ற நூலாக எழுதினார். கொள்ளைக் காய்ச்சலைப் பற்றிய ஆய்வுரை என்பது அந்தப் பெயரின் பொருள். மிக வேகமாக முற்றும் காய்ச்சல் ஒரே நாளில் எப்படியெல்லாம் போகும் என்று அதில் ஓர் இடத்தில் விவரிக்கிறார்.

காய்ச்சல் கண்டு ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. காலையில் பார்த்தால் நாக்கின்மேல் மாவைக் குவித்துப் பரப்பினாற்போல வெள்ளைப் படிவு. 'தாயுவான் யின்' என்ற கஷாயத்தை மருத்துவர் கொடுக்கிறார்; அதன் முதன்மைச் சரக்கு நம் ஊர்க் கொட்டைப்பாக்குதான். உச்சிப்பொழுதுக்கு முன்பே நாக்கு மஞ்சளாகிவிடுகிறது. நெஞ்சு அடைக்கிறது, தாகம் தாங்கவில்லை. அதே கஷாயத்தில் ரேவற்சின்னிக் கிழங்கைச் சேர்த்துப் பேதிக்குக் கொடுக்கிறார். காய்ச்சல் பாதிக்குமேல் தணிகிறது. பிற்பகலில் மறுபடி ஏறுகிறது. இப்போது நாக்கு முழுதும் கறுத்து, முள்முள்ளாக நிற்கிறது. மூக்குத் துளைகளில் புகைக்கரி படிந்ததுபோல் இருக்கிறது. அவரிடம் இருப்பதிலேயே கடுமையான பேதி மருந்தைக் கொடுக்கிறார். சாயங்காலம் வயிறு நன்றாகப் போகிறது, நள்ளிரவில் காய்ச்சல் இறங்குகிறது. விடிந்து பார்த்தால் நாக்கில் கறுப்பும் இல்லை, முள்ளும் இல்லை. பல நாள் வைத்தியத்தை ஒரே நாளில் செய்தாக வேண்டும், தாமதித்தால் உயிர் போய்விடும் என்கிறார் வூ யூஷிங்.

(ரேவற்சின்னி என்ற சொல்லிலேயே சீனா இருக்கிறது. பாரசீக மொழியில் 'ரேவந்த்' என்றால் இந்தக் கிழங்கு. 'சீனி' என்றால் சீனத்தது. நாட்டுமருந்துக் கடைக்காரர் அதைப் பொட்டலம் கட்டும்போது பழைய வணிகப் பாதையில் அது கிளம்பிய நாட்டின் பெயரையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்.)

வூ யூஷிங்கின் சிகிச்சையை இன்று யாரும் பின்பற்றக் கூடாது. காய்ச்சலில் நீர் வற்றிக் கிடப்பவருக்கு அடுத்தடுத்துப் பேதி கொடுப்பது ஆளையே கொன்றுவிடலாம். நோயாளி பிழைத்தது மருந்தாலா, மருந்தையும் மீறியா என்று அந்த விவரத்தை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. நான் இதை முதலில் வைத்ததற்குக் காரணம் வேறு. ஒருவரின் நாக்கை ஒரே நாளில் மூன்று தடவை பார்த்து, முன்பு கண்டதோடு பிறகு கண்டதை ஒப்பிட்டு, நோய் எவ்வளவு வேகமாக எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கும் பழக்கம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. சீன மருத்துவத்தின் நாக்குச் சோதனை வளர்ந்ததே இப்படிப்பட்ட காய்ச்சல் படுக்கைகளின் அருகில்தான். இன்று உலகம் முழுக்கச் சுற்றிவருவதோ வேறு: நுனி இதயம், நடு வயிறு, ஓரம் கல்லீரல், அடி சிறுநீரகம் என்று கோடு கிழித்த ஒரு படம். இந்த மரபில் மிகவும் பலவீனமான பகுதி அதுதான் என்பது என் கருத்து.

நூல்களின் வரலாறும் காய்ச்சல் படுக்கையின் பக்கமே சாய்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூலில் நாக்கைப் பற்றிய குறிப்புகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. கி.பி. 200-ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய 'ஷாங்ஹான் லுன்' குளிர் தாக்கி வரும் காய்ச்சல்களைப் பற்றியது. நாக்கில் படியும் வெள்ளையை அது நோயின் கட்டத்தோடு சேர்த்துப் பேசுகிறது. நாக்குக்கென்றே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது 1341-ஆம் ஆண்டு நூல். ஆவ் என்ற குடிப்பெயரால் மட்டும் அறியப்படும் ஒருவர் விட்டுச்சென்ற 12 நாக்குப் படங்களோடு, தூ பென் என்ற அறிஞர் 24 படங்களைச் சேர்த்து 36 ஆக்கினார். ஒவ்வொரு படத்தின் அருகிலும் விளக்கமும் மருந்தும் உண்டு. அந்த நூலின் தலைப்பிலேயே 'ஷாங்ஹான்' என்ற சொல் இருக்கிறது. அதாவது அது நலமாக நடமாடுகிறவர்களின் நாக்கைப் பார்ப்பதற்கான கையேடு அன்று, காய்ச்சல்காரர்களின் நாக்கைப் பார்ப்பதற்கானது. 1529-ல் ஷுயே ஜி என்ற மருத்துவர் அதை மறுபடி அச்சிட்ட பிறகுதான் பரவலாகப் படிக்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் படங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

அந்தப் படங்கள் ஐரோப்பாவுக்கும் போயின. இன்றைய ஜகார்த்தாவான பதேவியாவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஆந்திரேயாஸ் கிளையர், 1682-ல் பிராங்பர்ட் நகரில் சீன மருத்துவம் பற்றி ஒரு லத்தீன் நூலை வெளியிட்டார். நாக்கின் நிறங்களைக் கொண்டு நோயறிவது பற்றி அதில் படங்களோடு ஒரு பகுதி உண்டு. நூலின் பெரும்பகுதி, 1659-ல் இறந்துபோன போலந்துப் பாதிரியார் மைக்கேல் போய்மின் கைப்பிரதிகளிலிருந்து வந்தது.

சீன மருத்துவர் நாக்கில் பார்ப்பது என்ன? முதலில் தசை: அதன் நிறம், பருமன், வெடிப்பு, ஓரத்தில் பல் பதிந்த தடம், நீட்டும்போது நடுங்குகிறதா, ஒரு பக்கம் கோணுகிறதா என்பவை. பிறகு மேலே படிந்திருப்பது: வெள்ளையா, மஞ்சளா, கறுப்பா; மெல்லியதா, தடிப்பா; ஈரமா, வறட்சியா, பிசுபிசுப்பா. கடைசியாக நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியிலுள்ள இரண்டு ரத்தநாளங்கள் கருநீலமாகப் புடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். வெளிர்சிவப்புத் தசையும் அதன்மேல் மெல்லிய வெண்படிவும் இருந்தால் நலம்.

மேற்படிவுக்குச் சீனத்தில் வழங்கும் சொல் 'தாய்'. அந்த எழுத்துக்கு நேர்ப்பொருள் பாசி. ஈரமண்ணில் பாசி பிடிப்பதுபோல, வயிற்றின் ஆவி மேலேறி நாக்கில் பாசியாக அரும்புகிறது என்று விளக்கினார்கள். அதனால்தான் பாசிக்கு வேர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வழித்தாலும் போகாமல் ஒட்டியிருந்தால் வேருள்ளது, வயிற்றில் இன்னும் பலம் இருக்கிறது. துடைத்ததும் கழன்று வந்தால் வேரற்றது, பலம் தீர்ந்துவருகிறது. விடிந்ததும் நாக்கு வழிக்கும் நம் வீடுகளுக்கு இந்தப் பார்வை சற்று வினோதமாகத் தெரியும். சீன மருத்துவரிடம் போகிற அன்று காலை நாக்கை வழிக்காமல் வரச் சொல்வார்கள். வழித்துவிட்டால் அவர் படிக்க வேண்டிய பக்கம் போய்விடுகிறது. தேநீர், காப்பி, வெற்றிலை, மிட்டாய் ஆகியவற்றின் சாயத்தை நோயின் நிறமாக எண்ணிவிடக் கூடாது என்பதும் அவர்களுடைய பாடத்திலேயே இருக்கிறது. அதற்குச் 'சாயப் பாசி' என்று தனிப்பெயரே உண்டு.

வயிற்றின் ஆவி என்ற விளக்கத்தை இன்றைய உடலியல் ஏற்காது. ஆனால் அந்தப் பாசி எதனால் ஆனது என்று அது சொல்வதைக் கேட்டால், பழைய மருத்துவர்கள் ஏன் காய்ச்சலில் அதை நம்பினார்கள் என்பது புரிகிறது. நாக்கின் மேற்பரப்பில் இழைபோன்ற நுண்ணிய முளைகள் நெருக்கமாக நிற்கின்றன. சுவைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவற்றின் நுனி, நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தால் கெட்டிப்பட்டு, வளர்ந்து, உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் செல்கள், உணவுத் துணுக்குகள், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்ததே வெண்படிவு. மென்று தின்பதும் எச்சில் ஊறுவதும் அதைத் தேய்த்துக் கழுவிவிடுகின்றன. காய்ச்சல்காரர் சாப்பிடுவதில்லை, எச்சில் வற்றிவிடுகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறார். தேய்மானம் நிற்கிறது, படிவு தடிக்கிறது, காய்கிறது, பழுப்பேறிக் கறுக்கிறது. உடம்பு தேறி ஒரு வாய்க் கஞ்சி இறங்கியதும் எல்லாம் மாறத் தொடங்குகிறது. உடம்பின் நீர்வற்றலையும் பசியையும் நாளுக்கு நாள், சில வேளை மணிக்கு மணி, காட்டக்கூடிய பரப்பு அது. தோல் மூடாத தசை என்பதால் ரத்தத்தின் நிறமும் அதில் நேராகத் தெரியும். வெப்பமானியோ ரத்தப் பரிசோதனையோ இல்லாத ஒரு காலத்தில் இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைத்திருக்கும்?

இன்றைய மருத்துவத்துக்கு நன்கு தெரிந்த ஒரு காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு வரும் செங்காய்ச்சலில் முதல் ஓரிரு நாள் நாக்கில் வெண்படிவும், அதன் ஊடே எட்டிப்பார்க்கும் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். நான்காம் ஐந்தாம் நாளில் படிவு உரிந்து, நாக்கு முழுதும் ஸ்ட்ராபெரிப் பழம்போலச் சிவந்துவிடும். ஜப்பானின் தோமிசாக்கு கவாசாக்கி 1967-ல் விவரித்த, குழந்தைகளின் இதய ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோயிலும் அதே ஸ்ட்ராபெரி நாக்கு ஓர் அடையாளம். டைபாய்டில் நடுவே படிவும் ஓரத்திலும் நுனியிலும் சிவப்பும் தெரியும். இங்கெல்லாம் நாக்கு ஏதோ ஓர் உறுப்பின் பெயரைச் சொல்லவில்லை. நோய் எந்த நாளில் நிற்கிறது என்றுதான் சொல்கிறது.

இதைச் சீனத்தில் முறையான கோட்பாடாக்கியவர் சூசோ நகரின் யே தியேன்ஷி (1667–1746). வெப்பக் காய்ச்சல் உடம்புக்குள் நான்கு அடுக்காக இறங்குகிறது என்றார். வெளியே காவல் அடுக்கு, அதற்குள் 'சீ' என்ற உயிராற்றலின் அடுக்கு, அதற்கும் உள்ளே ஊட்ட அடுக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் ரத்தம். எந்த அடுக்கில் நிற்கிறது என்பதற்கு அவர் பெரிதும் நம்பியது நாக்கை. மெல்லிய வெள்ளை என்றால் இன்னும் வாசலில் இருக்கிறது. மஞ்சளானால் உள்ளே வந்துவிட்டது. தசை அடர்சிவப்பானால் ஊட்ட அடுக்கில் புகுந்துவிட்டது, மருந்தை மாற்றியாக வேண்டும். 2020-ல் கொரோனா பரவியபோது சீன அரசு வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில் மரபு மருத்துவப் பகுதி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நாக்கை விவரித்தது. தொடக்கத்தில் வெளிறி உப்பி, பல் தடத்தோடு தடித்த வெண்படிவு. கடுமையான கட்டத்தில் படிவு குறைந்து அடர்சிவப்பு. தேறும்போது மறுபடி வெளிறல், அல்லது வறட்சி. அந்தப் பட்டியலைப் படித்தவர்கள் யே தியேன்ஷியின் கையெழுத்தை அதில் அடையாளம் கண்டிருப்பார்கள்.

காய்ச்சல் படுக்கையை விட்டு நகர்ந்து நாட்பட்ட நோய்களுக்கு வரும்போது நிலைமை சிக்கலாகிறது. 'கண்ணாடி நாக்கு' என்று சீன நூல்கள் ஒன்றைச் சொல்கின்றன: பாசி முழுதும் போய், முளைகள் தேய்ந்து, வழவழவென்று பளபளக்கும் நாக்கு. வயிற்றின் ஈரச்சத்து வற்றிப்போனதன் அடையாளம், நிலைமை மோசம் என்கிறார்கள். இன்றைய மருத்துவருக்கு அது பி12, ஃபோலிக் அமிலம், இரும்பு ஆகியவற்றின் குறைபாட்டை நினைவூட்டும். பி12-ஐ உறிஞ்ச முடியாத பெர்னிஷியஸ் ரத்தசோகை 1926-க்கு முன்பு கொல்லும் நோயாக இருந்தது. அந்த வருடம் பாஸ்டனில் மைனாட், மர்பி இருவரும் ஈரலை உணவாகக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948-ல். கண்ணாடி நாக்கைக் கண்டு, உடம்பில் ஏதோ அடியோடு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்ன பழைய சீன மருத்துவரின் கண் தப்பவில்லை. தீர்ந்தது எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இந்த இடைவெளியை மறைத்துவிட்டு, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று பேசுவது அவர்களுடைய கண்கூர்மைக்கே அநீதி.

பல் தடம் பதிந்த நாக்கைச் சீன மருத்துவர் மண்ணீரலின் பலக்குறைவு என்பார். அவர் சொல்லும் மண்ணீரல் விலாவுக்கு அடியிலிருக்கும் உறுப்பு மட்டுமல்ல. செரிமானம், சோர்வு, உடலில் நீர் தேங்குதல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு செயல்தொகுதி. தைராய்டு குறைவிலும் நாக்கு தடிக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயோடும் இந்தத் தடத்தைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். பகலெல்லாம் அலுப்பு, உப்பிய நாக்கு என்று வருகிறவரைப் பார்த்து இரு மருத்துவர்களும் ஒரே அடையாளத்தைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். ஒருவர் இஞ்சியும் ஜின்செங்கும் எழுதுவார்; மற்றவர் தைராய்டு சோதனைக்கோ தூக்கச் சோதனைக்கோ அனுப்புவார். எனக்கு அப்படி நாக்கு இருந்தால் நான் சோதனைக்குத்தான் போவேன்.

இப்போது அந்த உறுப்புப் படத்துக்கு வருவோம். அதன் தர்க்கம் எளிமையானது: உடம்பின் மேல்பகுதி நுனியில், நடுப்பகுதி நடுவில், கீழ்ப்பகுதி அடியில். ஆனால் சீன நூல்களுக்குள்ளேயே இது ஒன்றுபோல் இல்லை. சிலர் இரண்டு ஓரத்தையும் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் பொதுவாகக் கொடுப்பார்கள். சிலர் இடது கல்லீரல், வலது பித்தப்பை என்று பிரிப்பார்கள். இன்னொரு முறையில் நாக்கு முழுதுமே வயிற்றுக்கு உரியது: நுனி வயிற்றின் மேல்வாய், அடி அதன் கீழ்வாய். ஓரத்துச் சிவப்பைப் பார்த்துக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று சொல்லும் உடற்கூற்று ஆதாரம் எதுவும் இல்லை. சீன மரபின் கல்லீரலும் ஸ்கேனில் தெரியும் கல்லீரலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கண்ணாடிமுன் நிற்பது வீண் பயத்தையோ வீண் தைரியத்தையோதான் தரும்.

நாக்கைப் பாகம் பிரிக்கும் ஆசை சீனாவுக்கு மட்டும் உரியதன்று. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்ற படத்தை நாமெல்லாம் பள்ளியில் வரைந்தோம். 1901-ல் ஜெர்மானியரான டேவிட் ஹேனிக், சுவை உணர்வு நாக்கின் இடத்துக்கு இடம் சிறிதளவு வேறுபடுவதை அளந்தார். 1942-ல் எட்வின் போரிங் அந்த அளவுகளைத் தம் நூலில் வரைபடமாகக் கொடுத்தபோது சிறு வேறுபாடு பெரிய எல்லைக்கோடாகத் தோன்றிவிட்டது. எல்லாச் சுவையும் நாக்கில் சுவை உணரும் எல்லாப் பக்கத்திலும் தெரியும். ஒரு குழந்தை சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாலே உடைந்துவிடும் படம், பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருந்தது.

நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாக்கு உண்டு. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்ற எட்டில் ஒன்றாக அது நிற்கிறது. வாதத்தில் கறுத்து வெடித்து முள்போலாகும், பித்தத்தில் மஞ்சள் அல்லது சிவப்பு, கபத்தில் வெளுத்துப் பிசுபிசுக்கும் என்பது அதன் பொதுவிதி. இங்கே நாக்கு மூன்று குற்றங்களில் எது மிகுந்தது என்று சொல்கிறது. சீனத்தில் வளர்ந்ததுபோல நூற்றுக்கணக்கான படங்களாகத் தனித்துறை ஆகவில்லை. அந்தக் கவனம் நம் மருத்துவர்களுக்கு நாடியின் பக்கம் போயிருக்கிறது.

ஐரோப்பிய மருத்துவரும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க நாக்கை நீட்டச் சொன்னவர்தான். ஜெர்மனியின் வுண்டர்லிஷ் 1868-ல் காய்ச்சல் வெப்பத்தைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்ட பிறகு, நோயின் போக்கைக் காட்டும் வேலையைப் படிப்படியாக வெப்பமானியும் வரைபடத் தாளும் எடுத்துக்கொண்டன. நம் ஊர் டாக்டர்களிடம் அந்த 'நாக்கை நீட்டுங்க' கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரே நாக்கை இரண்டு சீன மருத்துவர்கள் ஒரே மாதிரி படிக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நாக்குப் படங்களைப் பார்த்த மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து குறைவாகவே இருந்தது. இதில் வியப்பில்லை. சன்னல் வெளிச்சத்தில் வெளிர்சிவப்பாகத் தெரிவது குழல்விளக்கின் கீழ் நீலம் கலந்து தெரியும். நாக்கைச் சில நொடிகள் அதிகமாக நீட்டியிருந்தாலே நிறம் அடர்ந்துவிடும். சூடான தேநீர் குடித்தவுடன் சிவந்துவிடும்.

இந்தக் குழப்பத்தைக் கணினியால் தீர்க்கலாம் என்று பலர் இறங்கியிருக்கிறார்கள். 2024-ல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் பாக்தாத்தின் மத்தியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 5260 படங்களைக் கொண்டு ஒரு நிரலுக்கு நாக்கின் 7 நிறங்களைக் கற்றுக்கொடுத்தன. நிறத்தைச் சரியாகச் சொல்வதில் அது 98 சதவீதத்துக்கு மேல் எட்டியது. செய்தித்தாள்கள் அதை நோயைக் கண்டுபிடிப்பதில் 98 சதவீதம் என்று எழுதின. மஞ்சளை மஞ்சள் என்று பிழையின்றிச் சொல்வது ஒன்று. அந்த மஞ்சளுக்குக் காரணம் நீரிழிவா, புகையிலையா, காலையில் குடித்த காப்பியா என்று சொல்வது முற்றிலும் வேறு. நிரலின் உழைப்பு முதல் பகுதியில் இருந்தது, தலைப்புச்செய்தி இரண்டாவதில்.

ஒரு விஷயத்தில் மட்டும் படமும் வேண்டாம், நிரலும் வேண்டாம்: நாக்கில் ஆறாத புண்ணோ, வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்குமேல் இருந்தால், எந்த மரபின் படத்தோடும் அதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பாக்கும் புகையிலையும் மெல்லும் நம் நாட்டில் அது புற்றுநோயாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நிறக் குழப்பத்தைத் தீர்க்க, நல்ல வெளிச்சமும் நிறம் சரிபார்க்கும் அட்டையும் கொண்ட கருவிகளை இன்று சீனாவின் மருத்துவக் கல்லூரிகளில் வைத்திருக்கிறார்கள். முகத்தை ஒரு பெட்டிக்குள் நீட்டி நாக்கைக் காட்டினால் போதும், பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறாத படம் கிடைக்கும். பாக்தாத் நிரலைக் கடைசியில் சோதித்த 60 படங்கள் ஒவ்வொன்றும் ஒரு கணத்தை மட்டுமே காட்டுபவை; அவற்றை நினைக்கும்போது எனக்கு வூ யூஷிங்கின் நோயாளி ஞாபகத்துக்கு வருகிறார். அந்தக் கருவியை ஒரே காய்ச்சல்காரரின் கட்டிலருகே வைத்து, காலையில் ஒன்று, உச்சிப்பொழுதில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அவர் தேறும்வரை எடுத்துக்கொண்டே போய், பக்கத்திலேயே வெப்பம், குடித்த நீர், ரத்த அளவுகளையும் குறித்து வைத்தால், 1642-ல் எழுதப்பட்ட அந்த ஒரு நாளை வரிவரியாகச் சரிபார்க்கலாம்.